எனக்கு மிஞ்சிய ஒரே வார்த்தை

சில வருடங்களுக்கு முன்பு, மும்பையில் மழை விடாமல் கொட்டிய ஓர் ஆடி மாதம். செம்பூரில் ஒரு மருத்துவமனையின் மறுவாழ்வு வார்டில், வரிசையின் கடைசிக் கட்டிலில் நான் கிடந்தேன். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோயிருந்தன. பிழைத்ததே பெரிய விஷயம் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் கை காலோடு சேர்ந்து என் பேச்சும் போயிருந்தது.

நான் தாராவியில் இருக்கிறவன். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். விடிவதற்கு முன்பே என் மனைவி அவித்துக் கொடுக்கும் இட்லியையும் மெதுவடையையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு, மாட்டுங்கா, ஆண்டாப் ஹில் என்று தெருத்தெருவாக விற்கிற பிழைப்பு. மற்ற இட்லிக்காரர்கள் எல்லாம் சைக்கிளில் ரப்பர் ஹாரன் மாட்டிக்கொண்டு, பாம் பாம் என்று அமுக்கியபடி போவார்கள். நான் மாட்டவில்லை. கடவுள் தொண்டை கொடுத்திருக்கும்போது ஹாரன் எதற்கு என்ற திமிர்தான். நான் கீழே நின்று "இட்லேய்ய்..." என்று இழுத்தால் நாலாவது மாடி ஜன்னல் திறக்கும். சிலர் காதைப் பொத்திக்கொள்வதும் உண்டு.

பக்கவாதத்துக்குப் பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். நினைவு தெளிவாக இருந்தது. மற்றவர்கள் பேசுவது புரிந்தது. சொல்ல வேண்டியதும் மனதுக்குள் சரியாக இருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் வருவது ஒரே ஒரு சொல்தான்: இட்லி. தண்ணீர் வேண்டும் என்றாலும் இட்லி. வலிக்கிறது என்றாலும் இட்லி. உங்கள் பெயர் என்ன என்று டாக்டர் கேட்டதற்கும் இட்லி. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த மராத்திப் பெண், ஆயிரம் ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய வார்த்தை மூளையில் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கும், அதுதான் முதலில் வருகிறது, பயப்படாதீர்கள் என்று ஹிந்தியில் விளக்கினாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒரு நாள் வார்டு பாய் ஒருவர், "அண்ணா, இட்லி தோ டீக் ஹை, சட்னி கஹாங் ஹை?" என்று கேட்டார். இட்லி சரி, சட்னி எங்கே என்று விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அன்றோடு வாயை மூடிக்கொண்டேன். சைகை காட்டுவேன், தலையை ஆட்டுவேன், பேச மட்டும் மாட்டேன்.

அந்தச் சமயத்தில் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்ததால் வார்டுக்குள் சொந்தபந்தம் யாரையும் விடவில்லை. அதற்குப் பதிலாக வீடியோ கால் ஏற்பாடு செய்திருந்தார்கள். தினமும் சாயங்காலம் சிஸ்டர் ஒருவர், சக்கரம் வைத்த ஸ்டாண்டில் ஒரு டேப்லெட்டை மாட்டி, கட்டில் கட்டிலாகத் தள்ளிக்கொண்டு வருவார். ஆளுக்குக் கொஞ்ச நேரம். வீட்டு முகத்தைப் பார்த்தால் மறுநாள் நோயாளிகள் நன்றாக நடை பழகுகிறார்களாம். கடைசிக் கட்டில் என்பதால் எனக்கு ஒரு சலுகை இருந்தது. என் முறை முடிந்தால் டேப் வேறு யாருக்கும் போக வேண்டியதில்லை. சிஸ்டர் மற்ற வேலைகளைப் பார்த்துவிட்டு வந்து எடுக்கிறவரை அது என் முன்னாலேயே நிற்கும்.

நின்றால் மட்டும் போதாது, அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டால் வெறும் கண்ணாடிதானே? என் மனைவி வைக்கமாட்டாள். எங்கள் பக்கத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லக்கூடாது, 'போயிட்டு வாறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். அவள் அதைப் போனுக்கும் நீட்டிவிட்டாள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற ஆளிடம் நாமாக போனை வைப்பது அபசகுனமாம். "ஆன்ட்டி, பஸ், கட் கரோ" என்று, போதும் வைத்துவிடுங்கள் என்று, சிஸ்டர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். "நீங்களே வச்சிருங்க சிஸ்டர், நான் வைக்கமாட்டேன்" என்று தமிழிலேயே பதில் சொல்வாள். பேசி முடித்த பிறகும் போனை அலமாரியில் டப்பா மேல் சாய்த்து வைத்துவிட்டு அவள் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பாள். நான் இங்கிருந்து என் வீட்டைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். ஒரே அறை. அந்தச் சுவர், அந்த அடுப்பு, அந்தத் தேதிக் காலண்டர், குறுக்கும் நெடுக்கும் நடக்கும் அவள். எனக்குக் கிடைத்த மருந்துகளிலேயே அதுதான் நல்ல மருந்து.

எங்கள் வீட்டுக் கூரை தகரம். மழை விழுந்தால் போனில் ஒன்றும் கேட்காது. அதனால் என் மகள் தன் பாட்டு ஸ்பீக்கரைப் போனோடு இணைத்து வைத்திருந்தாள். சந்துக்கே கேட்கிற ஸ்பீக்கர். நான்தான் பேசவே இல்லையே! என் மனைவி பேசுவாள், நான் தலையாட்டுவேன். என் மேல் கோபமா என்று சில நாள் கேட்டாள். "ஏதாவது ஒரு வார்த்த சொல்லுங்களேன். இட்லின்னாலும் பரவால்ல, சொல்லுங்க" என்று ஒரு நாள் கெஞ்சினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த நாள் வந்தது. மத்தியானத்திலிருந்தே வானம் இருண்டு கிடந்தது. வீடியோ கால் வந்தபோது அவள் குரல் கட்டியிருந்தது. நல்ல ஜலதோஷம், மூக்கே அடைத்துப்போயிற்று, காபி வாசனைகூடத் தெரியவில்லை என்றாள். நான் இல்லாவிட்டாலும் வியாபாரத்தை அவள் விடவில்லை. வீட்டு வாசலிலேயே விற்றாள். மறுநாள் சாம்பாருக்குப் பெரிய பர்னரில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. விடியலுக்கு முன்பே எழுந்திருக்கிற உடம்பு, பாவம், கண் சொருகியது. "தல வலிக்கி. இங்கனயே கொஞ்சம் சாயுதேன். நீங்க பாத்துக்கிட்டு இருங்க" என்று சொல்லி ட்யூப் லைட்டை அணைத்தாள். சாரல் அடிக்கிறது என்று கதவைச் சாத்தினாள். போனுக்கு எதிரே வெறும் தரையில் முந்தானையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அறையில் இருந்த வெளிச்சம் அடுப்பின் நீலமும் மூடிய சின்ன ஜன்னல் கண்ணாடியில் வந்த மங்கலும்தான். கொஞ்ச நேரத்தில் பாத்திரத்தின் மூடி ஆட ஆரம்பித்தது. நுரை எட்டிப் பார்த்தது. பொங்கப் போகிறது, எழுந்து தணித்து வை என்று மனதுக்குள் சொன்னேன். அவள் எழுந்திருக்கவில்லை. மூடி ஒரு பக்கம் சாய்ந்தது. பருப்புத் தண்ணீர் வழிந்து பர்னர் மேல் கொட்டியது. நீலம் ஒரு தடவை மஞ்சளாகத் துடித்தது. பிறகு இல்லை.

அடுப்பு அணைந்துவிட்டது என்பது முதலில் மனதில் உறைக்கவில்லை. பருப்பு வீணாகிவிட்டதே என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. தீ அணைந்ததே தவிர, திருகு திறந்தபடிதானே இருக்கிறது? எத்தனை வருடம் அந்த பர்னரோடு பழகியிருக்கிறேன்! எவ்வளவு வேகத்தில் கேஸ் வரும் என்று எனக்குத் தெரியும். கேஸ் தரையோடு தரையாகப் பரவும் என்பதும் தெரியும். அவள் படுத்திருப்பது தரையில். கதவு சாத்தியிருக்கிறது. மூக்கும் அடைத்திருக்கிறது. திரையில் ஒன்றுமே நடக்கவில்லை. ஓர் அறை, தூங்குகிற ஒரு பெண், அவ்வளவுதான். அதைப் பார்த்து எனக்கு வியர்த்துக் கொட்டியது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. விளக்கேற்றுகிற நேரம் நெருங்கிவிட்டது. எப்படித் தூங்கினாலும் அந்த நேரத்துக்கு எழுந்துவிடுவாள். எழுந்ததும் கை தீப்பெட்டிக்குத்தான் போகும். அவள் எழுந்திருக்கவில்லை என்றால் மகள் வேலை முடிந்து வருவாள். வந்ததும் வராததுமாக மகள் கை வைப்பது லைட் சுவிட்சில், அதில் ஒரு பொறி பறந்தால் போதும். என் மனைவி எழுந்தாலும் ஆபத்து, எழாவிட்டாலும் ஆபத்து. இரண்டையும் நான் படுத்துக்கொண்டே பார்க்க வேண்டும்.

இடது கையால் அழைப்பு மணியை அழுத்தினேன். விட்டுவிட்டு அழுத்தினேன். தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. வார்டின் அந்தக் கோடியில் யாரோ வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள், எல்லோரும் அங்கே கூடியிருந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர் வாயைப் பிளந்து தூங்கினார். எட்டிப் பார்க்க ஆளில்லை.

அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட முயன்றேன். மனதுக்குள் பெயர் முழுசாக இருந்தது. நாக்கில் வைத்துத் தள்ளினேன். "இட்லி" என்று வந்தது. சின்னச் சத்தம்தான். அவள் அசையவில்லை. மறுபடி தள்ளினேன். மறுபடி அதே. எனக்கு என் வாயைப் பிய்த்து எறியலாம் போலிருந்தது.

அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்தேன். அந்த மங்கலில் சேலை ஏறி இறங்குகிறதா என்று தெரியவில்லை. ஒருவேளை நெட் நின்று படம் உறைந்திருக்கிறதோ, அவள் எப்போதோ எழுந்து அடுப்பை மூடிவிட்டாளோ என்று ஒரு நப்பாசை. அப்போது சுவரில் காலண்டர் தாள் படபடத்தது. டேபிள் ஃபேன் காற்று. படம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அவள்தான் அசையவில்லை. இதை எழுதும்போதும் அந்தத் தாள் ஆடியது கண்ணில் நிற்கிறது.

ஒருவழியாக சிஸ்டர் ஓடி வந்தார். "க்யா ஹுவா காகா?" என்றார், என்ன ஆயிற்று என்று. நான் டேபைக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்தார். ஆன்ட்டி தூங்குகிறார், அவ்வளவுதானே என்று சிரித்தார். நான் தலையை ஆட்டி ஆட்டி, கையை ஆட்டி ஆட்டி ஏதேதோ காட்டினேன். கேஸ் என்பதைச் சைகையில் எப்படிக் காட்டுவது? ரத்த அழுத்தம் ஏறிவிடப் போகிறது, இந்த வீடியோ கால்தான் என்னைக் கலக்குகிறது என்று அவர் நினைத்துவிட்டார். பாவம், நல்ல மனசோடுதான் செய்தார். சமாதானம் சொல்லிக்கொண்டே அழைப்பைத் துண்டிக்கும் சிவப்பு வட்டத்துக்கு விரலைக் கொண்டுபோனார்.

எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். இருந்த ஒரே கையால் இறுக்கிப் பிடித்தேன். அவர் பயந்து கத்தினார். அந்த நொடியில் என் மனதில் வார்டு இல்லை, வெட்கம் இல்லை, யார் சிரிப்பார்கள் என்ற நினைப்பும் இல்லை. வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கிறதா, இருக்கட்டும். அடிவயிற்றிலிருந்து எடுத்து விட்டேன்.

"இட்லேய்ய்ய்...!"

நாலாவது மாடிக்குப் போகிற சத்தம். எனக்கே ஆச்சரியம், அந்தத் தொண்டை உள்ளே அப்படியே இருந்திருக்கிறது. தூங்கிக்கொண்டிருந்த பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அந்தக் கோடியிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். நான் நிறுத்தவில்லை. "இட்லேய்ய்ய்... மெதுவடேய்ய்ய்..." என்று பழைய ராகம் தானாக வந்து சேர்ந்துகொண்டது. யாரோ என் தோளைப் பிடித்து அமுக்கினார்கள். ஊசி போடலாமா என்று யாரோ கேட்டார்கள். நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தச் சத்தத்தில்தான் எங்கள் குடும்பமே இத்தனை வருடம் சாப்பிட்டது. அதற்குக்கூட என் மனைவி அசையவில்லை. எனக்கு அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. இவள் தூங்கவில்லை, வேறு என்னவோ என்று தெரிந்துவிட்டது.

எத்தனை தடவை கூவினேனோ தெரியாது. ஸ்பீக்கர் வழியாக எங்கள் சந்தே அதிர்ந்ததாகப் பிறகு சொன்னார்கள். கதவுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது.

"மதினீ! அண்ணாச்சி வந்துட்டாகளா? சத்தங் கேக்கு. எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தீகளா!"

எதிர்வீட்டுப் பெண். அவள் வாசற்படியை மறித்து சைக்கிள் நிறுத்துகிறேன் என்று என்னோடு சண்டை போட்டு, பல மாதமாக என்னிடம் பேச்சுவார்த்தை இல்லாதவள். நான் பிழைத்து வீடு வந்துவிட்டேன் என்று நினைத்து, முதல் ஆளாகப் பார்க்க ஓடி வந்திருக்கிறாள்! கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. தள்ளித் திறந்தாள். உள்ளே இருட்டு. "என்ன மதினி, லைட்டக்கூட போடாம" என்று சொல்லிக்கொண்டே அவள் கை சுவிட்சுப் பலகைக்குப் போனது.

நான் என்ன சொல்ல நினைத்தேன் தெரியுமா? தொடாதே, தொடாதே, தொடாதே. வந்தது அதேதான். ஆனால் இந்தத் தடவை அதில் ராகம் இல்லை. தெருவில் சைக்கிள் முன் பாய்கிற பிள்ளையைப் பார்த்தால் கத்துவோமே, அப்படி ஒரு கத்தல்.

கை அப்படியே நின்றது. வீட்டுக்குள் நான் இல்லை, சத்தம் மட்டும் பக்கத்திலிருந்து வருகிறது. பயந்துபோய் அலமாரிப் பக்கம் திரும்பினாள். போனில் என் முகத்தைப் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ! அந்த ஒரு நொடி நிதானத்தில்தான் அவள் மூக்குக்கு வாடை எட்டியிருக்கிறது. "ஐயையோ, கேஸு!" என்று அலறினாள். கதவை முழுசாகத் தள்ளித் திறந்தாள். என் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தரதரவென்று இழுத்தாள். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. இரண்டு பேரும் திரையைவிட்டு வெளியே போய்விட்டார்கள். பின்னாலேயே ஓர் ஆண் ஓடி வந்து சிலிண்டரைத் திருகி மூடிவிட்டு வெளியே ஓடினார்.

அதற்குப் பிறகு திரையில் யாரும் இல்லை. திறந்த கதவு, வெளியே மழை, தரையில் எதிர்வீட்டுக்காரி விட்டுப்போன ஒரு செருப்பு. ஸ்பீக்கரில் சந்தின் கூச்சல் வந்தது. "தண்ணி கொண்டாங்க", "முகத்துல அடிங்க", "டாக்டரக் கூப்பிடுங்க" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். என் மனைவியின் குரல் மட்டும் இல்லை. இப்போது சிஸ்டருக்கும் புரிந்துவிட்டது. அவர் அழைப்பைத் துண்டிக்கவில்லை. நான் பிடித்திருந்த அதே கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். வார்டே என் கட்டிலைச் சுற்றி நின்று அந்தக் காலி அறையைப் பார்த்தது. என் வாழ்க்கையில் நான் பட்ட பயத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் அந்த நேரத்துக்கு ஈடாகாது. அவள் இல்லாத அந்த அறையை நான் இனிமேல் தினமும் பார்க்கப்போகிறேனா என்று நினைத்தேன்.

திடீரென்று படம் சுழன்றது. யாரோ போனை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். தகரம் தெரிந்தது, மழைத் துளி தெரிந்தது, யார் யாருடைய கால்களோ தெரிந்தன. பிறகு எதிர்வீட்டுத் திண்ணையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த என் மனைவி தெரிந்தாள். முடியெல்லாம் நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது. வாந்தி எடுத்திருக்கிறாள். கண் நிலையாக நிற்கவில்லை. போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார்கள். என்னை அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஏங்க..." என்றாள். "கூப்பிட்டீகளாமே?"

நான் ஆமாம் என்றேன். வந்தது 'இட்லி'தான். வார்டில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அவள் மட்டும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன்.

அவளை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். இரண்டு நாள் தலைவலியோடு போயிற்று. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்திருந்தால் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னாராம். பேச்சுப் பயிற்சிப் பெண்ணுக்கு விஷயம் போனதும் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாள். அந்த ராகத்திலேயே கூவச் சொல்லி, ராகத்தை விடாமல் வார்த்தையை மட்டும் மாற்றச் சொன்னாள். முதலில் 'தண்ணேய்ய்' வந்தது. அடுத்த வாரம் மகள் பெயர் வந்தது. மனைவியின் பெயர் வர மாதக்கணக்காயிற்று. வந்த அன்று கூப்பிட்டுக் கூப்பிட்டே அவளை வேலை செய்யவிடவில்லை.

இதை இடது கையால் நானே எழுதினேன். ஒரு பத்தி எழுத ஒரு வாரம்கூட ஆனது. மகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், அதனால் அவளிடம் கொடுக்கவில்லை. பேச்சு இப்போது பாதிக்கு மேல் வந்துவிட்டது. கடைக்குப் போய்ச் சர்க்கரை கேட்க நினைத்து உப்பு கேட்டுவிட்டு வருவதும் உண்டு. எதிர்வீட்டுக்காரியோடு சைக்கிள் சண்டை மறுபடி ஆரம்பித்துவிட்டது, இப்போது நான் வேண்டுமென்றே தோற்றுப்போகிறேன். பருப்பு வேகும்போது நான் அடுப்பைவிட்டு நகர்வதில்லை. என் மனைவி கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினால் இன்றும் பக்கத்தில் போய் மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். சரியான வார்த்தை வரட்டும், பிறகு பேசலாம் என்று நான் இன்னும் ஒரே ஒரு நாள் வீம்பாக இருந்திருந்தால், பேச்சு திரும்பி வந்தபோது அதைக் கேட்க அவள் இருந்திருக்கமாட்டாள்.